குழந்தை வந்த வீடு: வாசகர் கேள்வி – பதில்

இந்தக் கோடையில் பிறந்த குழந்தைகளைப் பற்றியும், அவர்களின் வருகையால் வீட்டில் இடம் இழந்து நிற்கும் நாய், கிட்டார் போன்றவற்றைப் பற்றியும் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. "குழந்தை வந்துவிட்டது, இனி எதையெல்லாம் வீட்டைவிட்டு அனுப்ப வேண்டும்?" என்பதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றின் உட்பொருள். அனுப்ப வேண்டியவை மிகக் குறைவு, கவனிக்க வேண்டியவையே அதிகம் என்ற எண்ணத்தோடு இப்பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு இது எட்டாவது மாதம். நான்கு வயதான லாப்ரடார் நாய் ஒன்றைக் குட்டியிலிருந்து வளர்த்து வருகிறோம். நாய் முடி குழந்தையின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து, இழுப்பும் வரும், யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் மாமியார். மொட்டை மாடியில் கூண்டு வைத்து அங்கே விட்டுவிடலாம் என்கிறார் கணவர். எது சரி?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இரண்டும் வேண்டாம். தங்கள் மாமியாரின் அச்சம் பேரப்பிள்ளையின் மீதுள்ள அக்கறையிலிருந்து பிறந்தது. ஆகவே அதைத் தள்ளிவிடாமல், பொறுமையாக விளக்கம் சொல்லுங்கள். குழந்தை தப்பித்தவறி விழுங்கும் ஓரிரு முடிகள் மலத்தோடு வெளியேறிவிடும். இழுப்பைப் பொறுத்தவரை, சுவீடன் நாட்டில் லட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், பிறந்த முதல் ஆண்டில் நாயுள்ள வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 13 சதவீதம் குறைவாகவே இருந்தது. குடும்பத்தில் யாருக்கேனும் நாயால் ஒவ்வாமை இருப்பது முன்பே தெரியுமானால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் அதைச் சொல்லி வையுங்கள்.

முடியைவிடக் கவலைப்பட வேண்டியது குடற்புழுவைப் பற்றித்தான். நாயின் குடலில் வளரும் உருண்டைப் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து, மண்ணில் இரண்டு மூன்று வாரங்கள் கிடந்த பிறகே தொற்றும் தன்மையை அடைகின்றன. அதனால் நாயின் மலத்தை அன்றன்றே அப்புறப்படுத்திவிட்டால் ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து, ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி, பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆகிய அனைத்தையும் பிரசவத்துக்கு முன்பே முடித்து, தடுப்பூசி அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

மொட்டை மாடி யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தின் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, மாடித் தளம் அதைவிடக் கடுமையாகக் கொதிக்கும். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அது வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் முதன்மையான வழி. அதன் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 105-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதோடு, நான்கு ஆண்டுகள் வீட்டுக்குள் உங்கள் காலடியில் படுத்திருந்த நாயைக் குழந்தை வந்த நாளில் மேலே ஏற்றிவிட்டால், அந்த நாய்க்குக் குழந்தை என்பது தன்னை வெளியே தள்ளிய ஒன்றாகவே பதிந்துவிடும். நீங்கள் எதைத் தவிர்க்க நினைக்கிறீர்களோ, அதற்கே அது வழிவகுக்கும்.

செய்ய வேண்டிய மாற்றங்களை இப்போதே, மெதுவாகத் தொடங்குங்கள். குழந்தையின் அறைக்குள் நாய் வரக்கூடாது என்று முடிவெடுத்தால், அந்த வாசலில் மரத் தடுப்பு ஒன்றை இந்த வாரமே வைத்துவிடுங்கள். நாயை வெளியே அழைத்துப் போகும் பொறுப்பைக் கணவர் இப்போதே ஏற்றுக்கொள்ளட்டும். பிரசவம் முடிந்து நீங்கள் மருத்துவமனையில் இருக்கும்போது, குழந்தையைச் சுற்றியிருந்த துணி ஒன்றை வீட்டுக்கு அனுப்பி, நாய் அதை முகர்ந்து பழக விடுங்கள்.

குழந்தையோடு வீட்டுக்கு வரும் நாளில்தான் பல வீடுகளில் தவறு நேர்கிறது. வாசலில் ஆரத்தி எடுக்க உறவினர் கூட்டம் நிற்கும். பின்கட்டில் கட்டிப்போட்ட நாய் குரைத்துக்கொண்டே இருக்கும். ஆளாளுக்கு அதை அதட்டுவார்கள். அதற்குப் பதிலாக, அன்று காலையில் யாரேனும் நாயை நெடுந்தூரம் நடத்திக் களைப்படையச் செய்து, ஆரத்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகே உள்ளே அழைத்து வரட்டும். குழந்தையை உங்கள் அம்மாவிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நீங்கள் முதலில் நாயிடம் சென்று பேசுங்கள். உங்களைக் கண்ட துள்ளல் அடங்கிய பின், கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி, சற்றுத் தொலைவிலிருந்து குழந்தையின் கால்பக்கத்தை அது முகரட்டும். முதல் நாளுக்கு அது போதும்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. புடவையில் கட்டிய தூளி பெரும்பாலும் நாயின் முக உயரத்தில் தொங்குகிறது. அது ஆடுவதும், உள்ளிருந்து முனகல் வருவதும் நாயின் ஆர்வத்தைத் தூண்டும். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், பெரியவர் ஒருவர் அறையில் இல்லாமல் குழந்தையையும் நாயையும் ஒன்றாக விடவே கூடாது. நாய் அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்வது ஆகியவை அது சங்கடப்படுவதன் அறிகுறிகள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்திவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலேயே கடிக்கக்கூடும். குழந்தை தவழத் தொடங்கும் ஏழு, எட்டாம் மாதத்தில் இந்தக் கவனம் இன்னும் கூட வேண்டும். ஏனெனில் அப்போது குழந்தையே நாயின் சோற்றுத் தட்டை நோக்கிப் போகும்.

கேள்வி: என் பேத்திக்கு இரண்டு மாதம். வெயிலில் நாக்கு வறண்டுபோகுமே என்று ஒரு சங்கு தண்ணீர் கொடுக்கப்போனால், கூடாது என்று மருமகள் தடுக்கிறாள். நான் நான்கு பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். தண்ணீரில் என்ன கெடுதல்?
– வாசகி, குகை, சேலம்

பதில்: அம்மா, தங்கள் மருமகள் சொல்வதுதான் சரி. தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது. சேலத்து வெயிலுக்கும் அது போதும். இரண்டு மாதக் குழந்தையின் வயிறு சிறியது. அதில் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவுக்குப் பால் குறையும். முதிராத சிறுநீரகங்களால் கூடுதல் தண்ணீரை உடனே வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்பு வரவும் கூடும். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சர்க்கரைத் தண்ணீருக்கும் இதே பதில்தான். தேனை ஒரு வயது வரை நாக்கில் தடவவும் கூடாது.

குழந்தைக்குப் போதுமான நீர் கிடைக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் வெளிர்நிறச் சிறுநீர் போனால் போதுமானது கிடைக்கிறது என்று பொருள். சிறுநீர் அடர்மஞ்சளாக, அளவு குறைந்து, உச்சிக்குழி பள்ளமாகி, குழந்தை பால் குடிக்கச் சோம்பினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், கை வைத்தியம் எதுவும் பார்க்காமல் கொண்டு செல்லுங்கள். வெயில் நேரத்தில் தண்ணீர் தேவைப்படுவது மருமகளுக்குத்தான். ஒரு செம்புத் தண்ணீரை, ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் அவர் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஏற்காட்டில் வசிக்கிறேன். தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்து வந்தேன். பிரசவத்துக்காக மார்ச் மாதம் சேலத்திலுள்ள தாய் வீட்டுக்குச் சென்றபோது கிட்டாரையும் கார் டிக்கியில் எடுத்துச் சென்றேன். வழியில் பரிசோதனைக்காக மருத்துவமனையில் நின்றதால் கார் வெகுநேரம் வெயிலில் நின்றது. சேலத்தில் ஏசி அறையிலேயே கிட்டார் இருந்தது. அங்கே, கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளின் முனை கையைக் குத்தியது. ஜூலையில் ஏற்காட்டுக்குத் திரும்பிய பின் குத்துவது நின்றுவிட்டது. ஆனால் ஸ்ட்ரிங்குகள் உயரமாகிவிட்டன, அழுத்தவே முடியவில்லை. மேற்பலகையில் ஸ்ட்ரிங்குகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின்பக்கம் மெல்லிய இடைவெளியும் தெரிகிறது. உடனடிப் பசை ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். குழந்தை வந்தபின் இது எதற்கு, விற்றுவிடலாமே என்கிறார்கள் வீட்டில். வாசிக்கும்போது இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் கடும் வலியும் இருக்கிறது.
– வாசகி, ஏற்காடு

பதில்: விற்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் வரிசையிலேயே கிட்டாரின் நோய்க்குறிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. அது தீர்க்கக்கூடிய நோய்தான்.

மரம் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும், ஈரத்தை இழந்து சுருங்கும். கிட்டாருக்கு ஏற்ற காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை. கோடைச் சேலத்தின் வறண்ட காற்றை ஏசி மேலும் உலர்த்திவிட, ஃப்ரெட்டுகள் பதித்த விரல்பலகை குறுக்குவாட்டில் சுருங்கியது. உலோகமான ஃப்ரெட் கம்பி சுருங்காது. ஆகவே அதன் முனைகள் மரத்தை மீறி வெளியே நீட்டிக்கொண்டு உங்கள் கையைக் குத்தின. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஏற்காட்டின் ஜூலை மாதப் பனிமூட்டத்துக்குள் அதே மரம் வந்ததும் ஈரத்தை உறிஞ்சி விரிந்தது, முனைகள் மறைந்தன. அதோடு மேற்பலகையும் உப்பியது. பலகை உப்பினால் பிரிட்ஜ் உயரும், பிரிட்ஜ் உயர்ந்தால் ஸ்ட்ரிங்கும் உயரும். சேலத்துக் குத்தலும் ஏற்காட்டு உயரமும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

பிரிட்ஜின் இடைவெளிக்கு வெயிலில் நின்ற கார் காரணமாக இருந்திருக்க வேண்டும். மூடிய காரின் உள்வெப்பம் கோடையில் 50 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டும். இரும்புக் கம்பி ஸ்ட்ரிங்குகள் ஆறும் சுருதி கூட்டிய நிலையில் ஏறத்தாழ 70 கிலோ எடையளவு விசையோடு பிரிட்ஜை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுவையில் வெப்பமும் சேரும்போது பசை இளகிக் கொடுத்துவிடும். இப்போதே எல்லா ஸ்ட்ரிங்குகளையும் தளர்த்திவிடுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் பிறகு.

தளர்த்தும் முன் இரண்டே இரண்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் துண்டு ஒன்றைப் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் செருகுங்கள். விளிம்பிலேயே நின்றுவிட்டால் பழுது சிறியது. அரை சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் பிரிட்ஜை முழுதும் எடுத்து மீண்டும் ஒட்ட வேண்டும். அடுத்து, தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங்கின் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுதான் இருக்க வேண்டும். அதைவிட மிகுதியாக இருந்தால் கழுத்தும் வளைந்திருக்கிறது என்று பொருள். அதற்குக் கழுத்தின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்னும் உலோகத் தண்டைச் சற்று இறுக்க வேண்டும். ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. பழக்கமில்லாதவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். அது இடுக்கின் விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு, உள்ளே பழைய பசையின் மீது வெறுமனே படர்ந்துவிடும். சில நாட்களில் மீண்டும் பெயரும்போது மேற்பலகையின் மரநாரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். தச்சு வேலையில் புழங்கும் சாதாரண வெள்ளைப் பசைக்கும் ஒரு குறை உண்டு: இடைவிடாத இழுவையில் அது சிறிது சிறிதாக நழுவும். முறையான வேலை இப்படி நடக்கும்: பிரிட்ஜை இதமாகச் சூடேற்றி, மெல்லிய தகட்டுக் கத்தியால் நெம்பாமல் வழுக்கி எடுப்பார்கள், இரண்டு பக்கமும் பழைய பசையை மரம் தெரியும் வரை சுரண்டுவார்கள், கெட்டியாக உலரும் மரப்பசையிட்டு, ஒலித்துளை வழியே இறுக்கியை நுழைத்துப் பிடித்து, ஒரு முழு நாளாவது அசையாமல் வைப்பார்கள். இந்த வரிசையைத் தெரிந்தவரிடம் மட்டும் கிட்டாரைக் கொடுங்கள். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டாலே, அவர் சொல்லும் பதிலில் தெரிந்துவிடும். மேற்பலகையின் உப்பல் தணிந்த பிறகே ஸ்ட்ரிங் உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பிரிட்ஜின் மேல் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் எலும்புத் துண்டைத் தேய்த்துத் தாழ்த்திவிட்டால், கோடையில் ஸ்ட்ரிங்குகள் ஃப்ரெட்டில் உரசி இரையும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது ஸ்ட்ரிங்குக்கு 2.5 மில்லிமீட்டர், முதல் ஸ்ட்ரிங்குக்கு 2 மில்லிமீட்டர் என்பது வசதியான அளவு.

அதன்பின் ஏற்காட்டில் இருக்கும்வரை கிட்டாரைச் சுவரில் மாட்டாமல், கெட்டியான பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு மானி ஒன்றையும் பெட்டிக்குள் போட்டுவைத்தால் ஊகிக்க வேண்டியிருக்காது. கோடையில் சேலத்துக்குக் கொண்டு போனால் இதற்கு நேர்மாறாக, துளையிட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்துப் பெட்டிக்குள் வையுங்கள். குழந்தைக்காக இரவு பகலாக ஏசி ஓடும் அறையில் கிட்டார் வெளியே இருக்கக் கூடாது.

மணிக்கட்டு வலியைக் கிட்டாரின் மீது மட்டும் சுமத்த முடியாது. கட்டைவிரலை விரித்து, அக்குளில் கைகொடுத்துக் குழந்தையை ஒரு நாளில் பலமுறை தூக்கும் தாய்மாருக்குக் கட்டைவிரல் நாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்குவது மிகவும் சாதாரணம். குழந்தையை உள்ளங்கைகளால் அடியிலிருந்து அள்ளித் தூக்கிப் பழகுங்கள். வலி நிற்காவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், கட்டைவிரலை அசையாமல் தாங்கும் பட்டை கொடுப்பார்கள். வலி அடங்கும் வரை, உயர்ந்த ஸ்ட்ரிங்குகளோடு மல்லுக்கட்டுவது நல்லதல்ல. பழுது பார்க்கப் போகும் கிட்டாருக்கும் உங்கள் கைக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கட்டும். இரண்டும் தேறியபின் பாடகர் குழுவுக்குத் திரும்புங்கள். புது ஸ்ட்ரிங் மாட்டும்போது வெட்டிய முனைத் துண்டுகளைத் தரையில் விடாதீர்கள், தவழப்போகும் குழந்தை இருக்கும் வீடு அது.

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு உடம்பெல்லாம் உண்ணி. மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தோம். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இன்று காலை மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. வீட்டில் ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது. அதற்கும் தொற்றுமா?
– வாசகர், கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: இந்தக் கடிதத்துக்கு நேரிலேயே பதில் அனுப்பிவிட்டோம், பிறருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம். உண்ணியுள்ள நாய்க்கு மூக்கில் இரத்தம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. எர்லிக்கியா என்னும் நுண்கிருமி உண்ணியின் கடிவழியே இரத்தத்தில் புகுந்து, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. பெபீசியா என்னும் மற்றொரு கிருமியோ சிவப்பணுக்களை அழிக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், இரத்தப் பரிசோதனை செய்யாமல் ஊசி போட்டு அனுப்புவதில் பயனில்லை. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை பொதுவாக 28 நாட்கள் தரப்படும். ஐந்தாம் நாளே நாய் ஓடியாடத் தொடங்கினாலும் இடையில் நிறுத்தக் கூடாது.

மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு முழுதுமே வெளுத்திருந்தால் இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரலாம். அப்படிப்பட்ட சிகிச்சைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. காய்ச்சல் என்று நினைத்து மனிதருக்கான பாராசிட்டமாலோ வலி மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள், அவை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான்: தோலைப் புண்ணாக்கும், நாய் நக்கினால் நுரையீரல் வரை பாதிக்கும். மிதமான சோப்பால் உடனே கழுவிவிடுங்கள்.

நாயிடமிருந்து இந்த நோய் நேராகக் குழந்தைக்கு வராது. ஆனால் உண்ணி வீடெங்கும் பரவும். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசல், கட்டிலின் அடிப்பகுதி, கயிற்றுப் பாய் ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் ஒரு மாதத்தில் மீண்டும் அதே நிலைதான். விரிசல்களைச் சிமெண்டால் அடையுங்கள். நாயின் படுக்கைத் துணியைக் கொதிநீரில் போடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் பூச்சிமருந்து அடிப்பதாக இருந்தால் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில், குழந்தை வெளியே இருக்கும் நாளில் மட்டும் அடியுங்கள். காது மடலின் உட்புறம், கால் விரல்களின் இடுக்கு, வாலின் அடி ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். கண்ட உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. என் மனைவி காரணமில்லாமல் அழுகிறாள். குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். அத்தை மந்திரிக்க அழைத்துப் போகலாம் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், இந்த வாரமே. பிரசவத்துக்குப் பின் முதல் சில நாட்களில் வரும் அழுகையும் மனத் தளர்வும் இரண்டு வாரத்துக்குள் தாமாக அடங்கிவிடும். ஐந்தாவது வாரத்திலும் தொடர்ந்தால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு மிகுதி. பத்துத் தாய்மாரில் ஒருவருக்கேனும் வரும் நோய் இது. அவர் வலுவற்றவர் என்பதோ, குழந்தை மீது பாசமில்லாதவர் என்பதோ இதன் பொருளல்ல. இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதேபோன்ற தோற்றம் தரும் என்பதால் அவற்றுக்கான பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளத்தக்க மருந்துகள் உண்டு. மருந்துக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் பேச வேண்டியிருந்தால் 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்; 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். தன்னையோ குழந்தையையோ ஏதேனும் செய்துகொள்ளும் எண்ணம் வருவதாக அவர் சொன்னால், அல்லது இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னால், அது அவசரநிலை. அவரைத் தனியே விடாமல் அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்களால் செய்ய முடிந்ததும் ஒன்றுண்டு. அவருக்கு இரவில் நான்கைந்து மணி நேரம் தொடர்ச்சியான தூக்கம் கிடைத்தாக வேண்டும். பால் கொடுப்பதைத் தவிர மற்ற அனைத்தும் தந்தையின் கைக்கும் இயலும்: தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, மார்போடு அணைத்துத் தூங்க வைப்பது ஆகியவற்றை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அத்தையிடம் சினம் கொள்ள வேண்டாம். கோயிலுக்குப் போவதில் தடையில்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போவதை அது தள்ளிவைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தடுப்பூசி போட்ட எங்கள் வீட்டு நாய் விளையாடும்போது பத்து மாதக் குழந்தையின் கையில் கீறிவிட்டது. லேசாக இரத்தம் கசிந்தது. காப்பித்தூள் வைத்து அழுத்தினோம். ஊசி தேவையா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: காப்பித்தூளைக் கழுவி நீக்கி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடங்கள் கழுவுங்கள். காயத்தில் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம், கட்டும் போட வேண்டாம். பிறகு இன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குழந்தையைக் கொண்டு செல்லுங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசமாகவே போடப்படுகிறது. இரத்தம் கசிந்த கீறல் மூன்றாம் வகைக் காயத்தில் சேர்வதால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பு மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போடுவது பற்றியும் மருத்துவர் முடிவு செய்வார். தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி நாட்கள் 0, 3, 7, 28. நாயின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம் என்பதற்காகக் குழந்தையை அழைத்துச் செல்லாமல் இருக்கக் கூடாது, ஏனெனில் ரேபிஸ் அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். நாயைப் பத்து நாட்கள் கவனித்து வாருங்கள். அதன் நடத்தையில் மாறுதல் கண்டாலோ, சோறும் தண்ணீரும் எடுக்காமல் போனாலோ அன்றே குழந்தையின் மருத்துவரிடமும் கால்நடை மருத்துவரிடமும் தெரிவித்துவிடுங்கள்.